அணையாத எச்சரிக்கை: ஹான்ஸ் செல்யேயின் வாழ்வும் அவர் விட்டுவைத்த கேள்வியும்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஸ்பிரிங்வெளி லயங்களில் தூக்கம் குறைந்துவிடும். தகரக் கூரையில் விழும் சத்தம் அதற்குக் காரணமல்ல. அது பழகிப்போன சத்தம். அதற்குப் பின்னால் மலைப்பக்கம் வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது விழித்தே கிடக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தை தோட்டத்து லயங்களை மண் மூடியது. அந்த நாளுக்குப் பிறகு ஊவாவின் சரிவுகளில் குடியிருக்கும் பலர் மழைக்காலத்தில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. விடியும்போது மழை விட்டிருக்கும். உடம்பு விட்டிருக்காது.

கதவருகே பை வைத்துப் படுக்கும் பழக்கத்தை வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த இரு தரப்பாரும் முற்றிலும் வேறு வேறு ஆட்களும் அல்லர். 1977 வன்செயலிலும் 1983 ஆடியிலும் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்து, பின்னர் மெனிக் பாம் முகாமுக்குள் போனவர்களில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தலைச்சுற்று, வயிற்றெரிவு, நெஞ்சிடி, தூக்கமின்மை என்று இவர்கள் மருந்தெடுக்கப் போனால் பெரும்பாலும் கிடைப்பது பனடோலும், ரொம்ப யோசிக்காதீர்கள் என்ற புத்திமதியும்தான். யோசனை என்பது நம் ஊர்ப் பேச்சில் சிந்தனை அல்ல, கவலை. யோசித்து யோசித்தே உடம்பு கெட்டுப்போனது என்று நம் பாட்டிமார் சொன்னதைப் படித்தவர்கள் நெடுங்காலம் சிரித்துக் கடந்தார்கள். கவலை மூளையிலிருந்து இறங்கி எந்த வழியால் வயிற்றுக்கும் இதயத்துக்கும் போகிறது என்று ஆய்வுகூடத்தில் தேடி, உலகத்தை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தவர் ஒருவர். பாதி வழியைத்தான் அவர் கண்டார். மீதியில் தடுமாறினார், ஓரிடத்தில் தவறவும் செய்தார். அவர் பெயர் ஹான்ஸ் செல்யே.

எல்லை மாறிய ஊர்ப் பையன்

செல்யே 1907 ஜனவரி 26ஆம் திகதி வியன்னாவில் பிறந்தார். அப்பா ஹங்கேரியர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் இராணுவத்தில் சத்திரசிகிச்சை நிபுணர். அம்மா ஆஸ்திரியப் பெண். பையன் வளர்ந்தது டான்யூப் நதிக்கரையிலுள்ள கொமாரொம் என்ற ஊரில். முதலாம் உலகப்போர் முடிந்து பேரரசு உடைந்தபோது அந்த ஊர் நதியோடு இரண்டாகப் பிளக்கப்பட்டது. வடகரை புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது, தென்கரை ஹங்கேரியில் நின்றது. வீட்டைவிட்டு ஓரடி நகராமலே வடகரை ஹங்கேரியர்கள் இன்னொரு நாட்டின் சிறுபான்மையினர் ஆனார்கள். 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட மக்களின் வம்சத்தில் வந்தவர்களுக்கு இந்த உணர்வு விளங்கும்.

அப்பாவின் வழியில் மருத்துவம் படிக்கப் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1920களின் நடுப்பகுதியில், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத நேரத்தில், ஒரு விரிவுரையில் அமர்ந்திருந்தார். பேராசிரியர் ஃபொன் யாக்ஷ் வெவ்வேறு தொற்றுநோய்கள் கண்ட நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்துவந்து, எந்த அடையாளத்தைக் கொண்டு எந்த நோயைப் பிரித்தறிவது என்று விளக்கினார். மற்ற மாணவர்கள் வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார்கள். செல்யேயின் கண்ணில் பட்டது ஒற்றுமை. எல்லோரும் மெலிந்திருந்தார்கள், எல்லோருக்கும் பசியில்லை, மூட்டு நோகிறது, நாக்கு வெளுத்திருக்கிறது, முகத்தில் ஒரே களைப்பு. நோய் எதுவாக இருந்தாலும், நோயாளி என்ற நிலைக்கென்று பொதுவான ஒரு முகம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் பாடமாக எடுப்பதில்லை என்று அவருக்குத் தோன்றியது. கேள்வி அப்போதைக்கு அப்படியே கிடந்தது.

1929இல் மருத்துவப் பட்டம், 1931இல் வேதியியலில் கலாநிதிப் பட்டம். பிறகு ரொக்ஃபெல்லர் புலமைப்பரிசிலில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கு மனம் ஒட்டவில்லை. 1932இல் கனடாவுக்கு நகர்ந்து, மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கொலிப்பின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். கொலிப், இன்சுலினை மனிதருக்கு ஏற்றக்கூடிய அளவுக்குச் சுத்திகரித்துக் கொடுத்தவர். அந்தக் காலம் ஓமோன் வேட்டையின் காலம். ஏதாவது ஒரு சுரப்பியை அரைத்து, சாறெடுத்து, எலிக்கு ஏற்றி, என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். புதிய ஓமோன் ஒன்று அகப்பட்டால் புகழ் நிச்சயம்.

அங்கே அவர் செய்த ஆரம்ப வேலைகளில் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. தாய் எலியின் பால் வெளிவர முடியாதபடி செய்துவிட்டு, குட்டிகளைச் சூப்ப மட்டும் விட்டார்கள். பால் ஒரு துளியும் வெளியேறவில்லை. ஆனாலும் குட்டி சூப்பும்வரை பால்சுரப்பி வற்றிச் சுருங்கவில்லை. அப்படியானால் காம்பில் படும் தொடுகை நரம்பு வழியே மேலே போய், மூளையடியிலுள்ள கபச்சுரப்பியைச் சுரக்கவைத்து, அந்த ஓமோன் இரத்தத்தில் திரும்பிவந்து மார்பைத் தொடுகிறது. கொழுந்து மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிவந்து குழந்தையை மடியில் கிடத்திய கணத்திலேயே பால் சுரக்கும் அனுபவம் உள்ள தாய்மாருக்கு 1934இன் இந்த முடிவு ஆச்சரியம் தராது. மூளையும் ஓமோனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்ற எண்ணம் செல்யேக்கு அங்கிருந்தே கூட வந்தது.

தோற்றுப்போன பரிசோதனை

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு தோல்வி. சூலகத்தின் சாற்றையும் நச்சுக்கொடியின் சாற்றையும் எலிகளுக்கு ஏற்றினார். சில நாட்களில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பியின் வெளிப்புறம் வீங்கியிருந்தது. நோயெதிர்ப்புக்குரிய தைமசும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கிப்போயிருந்தன. வயிற்றிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யும் ஓமோன் எதுவும் அதுவரை தெரியாது. புதியது ஒன்று அகப்பட்டுவிட்டது என்று இளைஞர் துள்ளினார்.

பிறகு சந்தேகம் வந்தது. கபச்சுரப்பியின் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று. சிறுநீரகச் சாற்றிலும் அதே மூன்று. சாறு எவ்வளவு அசுத்தமோ அவ்வளவு கடுமையாக விளைவு. கடைசியில், பிணக்கூறுகளைப் பதப்படுத்த வைத்திருந்த ஃபோர்மலினை எடுத்து ஏற்றிப் பார்த்தார். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகவே வேலை செய்தது. ஓமோனும் இல்லை, ஒன்றும் இல்லை. எதையாவது குத்தினால் எலி படும் வேதனையைத்தான் அவர் இவ்வளவு நாளும் அளந்துகொண்டிருந்திருக்கிறார். எலிகளைப் பிடிப்பதில் அவர் கை அவ்வளவு லாவகமானதல்ல, கீழே விழுந்து ஓடியவற்றைத் துரத்திப் பிடித்ததாலேயே அவை இன்னும் வாடின என்று பிற்காலத்தில் ஒரு கதையும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, எலியின் பக்கமிருந்து பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது.

நாட்கணக்கில் மனமுடைந்து கிடந்தவருக்குப் பிராக் வகுப்பறை நினைவுக்கு வந்தது. வெவ்வேறு நோய், ஒரே முகம். இங்கே வெவ்வேறு விஷம், ஒரே மூன்று மாற்றங்கள். பரிசோதனையைத் தலைகீழாகப் புரட்டினார். எலிகளை மொன்றியல் குளிர்காலத்தில் கட்டடத்தின் மொட்டைமாடியில் விட்டார். களைத்து விழும்வரை ஓடவிட்டார். பலவகை மருந்துகளை அளவுமீறிக் கொடுத்தார். திறந்துபார்த்தால் ஒவ்வொரு முறையும் அதே வீங்கிய அதிரீனல், அதே சுருங்கிய தைமசு, அதே வயிற்றுப்புண்.

1936 ஜூலை 4ஆம் திகதி நேச்சர் இதழில் ஒரு கடிதமாக அது வெளிவந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவு. தீங்கு எதுவானாலும் உடம்பு முதலில் எச்சரிக்கை நிலைக்குப் போகிறது, தீங்கு நீடித்தால் தாக்குப்பிடிக்கப் பழகுகிறது, அதற்குமேலும் நீடித்தால் வற்றி விழுகிறது என்று மூன்று கட்டங்களை அவர் வரைந்தார். மூன்றாவது கட்டம்தான் புதிய செய்தி. தாக்குப்பிடிப்பதற்கு உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலையே பின்னர் நோயாக வருகிறது.

தாங்கியும் மிதவையும்

வழி எது? கபச்சுரப்பியை அகற்றிவிட்ட எலிக்கு எந்த வேதனை கொடுத்தாலும் அதிரீனல் வீங்கவில்லை. எனவே கட்டளை மேலிருந்து வருகிறது. செல்யேயும் அவர் காலத்து மற்றவர்களும் சேர்ந்து படிப்படியாகத் தெளிவாக்கிய பாதை இது: மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்றொரு சிறு பகுதி. ஆபத்து என்று மூளை முடிவுசெய்தால், பரிவகக்கீழ் ஓர் இரசாயனத் தூதைக் கபச்சுரப்பிக்கு அனுப்பும். கபச்சுரப்பி இரண்டாவது தூதை இரத்தத்தில் விடும். அது அதிரீனலை அடைந்து கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கவைக்கும். கோர்ட்டிசோல் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், அழற்சியை அடக்கும், அப்போதைக்குத் தேவையற்ற வேலைகளைத் தள்ளிவைக்கும். நரம்பு வழியாக நொடியில் பாயும் அதிரினலின் வேறு. அது முதல் அடி. கோர்ட்டிசோல் சில நிமிடங்கள் கழித்து வந்து நீண்ட நேரம் நிற்கும் காவல்.

ஆனால் தொடங்கிவைப்பது பாதி வேலைதான், நிறுத்தவும் வேண்டும். ஸ்பிரிங்வெளியில் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே வந்து தாங்கியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறி, நிறைந்ததும் குழாயை அடைத்துவிடும். தண்ணீரே தன் வரவை நிறுத்திக்கொள்கிறது. கோர்ட்டிசோலும் அப்படித்தான். அது இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும் மேலே போய்ப் பரிவகக்கீழையும் கபச்சுரப்பியையும் தொட்டு, போதும் என்று அடைக்கிறது. பள்ளிக்கூட உயிரியலில் பின்னூட்டல் என்று படித்தது இதைத்தான். அதிரீனல் சாற்றை வெளியிலிருந்து அதிகமாக ஏற்றினால் எலியின் சொந்த அதிரீனல் வேலையற்றுச் சுருங்குகிறது என்று 1937இல் அமெரிக்காவில் டுவைட் இங்கிளும் எட்வர்ட் கெண்டலும் காட்டினார்கள். இது நமக்கும் நேரடியாகப் பொருந்தும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வைத்தியர் சொல்லும்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதே மிதவைதான். வெளித்தண்ணீரால் தாங்கி நிறைந்திருந்த காலம் முழுக்க ஊற்றுக்குழாய் அடைபட்டுக் கிடந்தது; அது மறுபடி திறக்க நாளாகும்.

இந்தத் தூதுப்பாதை மற்ற ஓமோன்களிலும் கைவைக்கிறது. நெருக்கடி நீடித்தால் பெண்ணின் மாதச் சக்கரத்தை ஓட்டும் கட்டளையைப் பரிவகக்கீழ் தணித்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரின் தடுப்பு முகாம்களில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனதை மருத்துவர்கள் பதிந்திருக்கிறார்கள். பட்டினி மட்டும் காரணமல்ல, முகாமுக்குள் வந்த சில வாரங்களிலேயே, உடல் மெலியும் முன்னரே, பலருக்கு நின்றிருக்கிறது. இதைத் தம் உடம்பிலேயே அறிந்த வாசகிகள் இருப்பார்கள்.

செல்யே தன் கண்டுபிடிப்புக்கு வைத்த பெயர் ஸ்ட்ரெஸ். பொறியியலிலிருந்து எடுத்த சொல். அதில் ஒரு பிழையும் உண்டு. பொறியியலில் ஸ்ட்ரெஸ் என்பது பொருளின் மீது விழும் விசை. அதனால் பொருளில் ஏற்படும் மாற்றத்துக்கு வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்லாததால் இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட்டதாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். தமிழில் மன அழுத்தம் என்ற சொல் ஸ்ட்ரெஸுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் மாறி மாறிப் பயன்பட்டுக் குழப்புகிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவ எழுத்துகளில் புழங்கும் நெருக்கீடு என்ற சொல் எனக்கு இதைவிடப் பிடிக்கும். நெருக்குவது வெளியிலிருந்து வருவது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

புகழும் ஒரு தோட்டாவும்

1945இல் மக்கிலை விட்டு, அதே நகரில் பிரெஞ்சு மொழியில் இயங்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பரிசோதனை மருத்துவத்துக்கும் சத்திரசிகிச்சைக்குமான நிறுவகம் ஒன்று அவருக்காக அமைந்தது. அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். விடியுமுன் எழுவார், நீந்துவார், சைக்கிளில் வேலைக்குப் போவார், பத்து மணித்தியாலத்துக்குமேல் உழைப்பார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள், முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். பல மொழிகள் பேசினார். மூன்று முறை மணம் செய்தார். உலகத்துக்கு ஓய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தன் வேலையை நிறுத்தும் மிதவை இருந்ததாகத் தெரியவில்லை.

1948இல் பாரிஸில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ரொஜர் கில்லெமின் என்ற இளம் பிரெஞ்சு மருத்துவர், மொன்றியலுக்கே வந்து அவரிடம் சேர்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். குருவிடம் விடையில்லாத ஒரு கேள்வியைச் சீடர் எடுத்துக்கொண்டு போனார்: பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்கு அனுப்பும் அந்த முதல் தூது எது? இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹரிஸ், மூளையடிக்கும் கபச்சுரப்பிக்கும் நடுவில் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களே அந்தத் தூதின் பாதை என்று ஒவ்வொரு பரிசோதனையாகக் காட்டி, 1955இல் நூலாக எழுதினார். செல்யே அந்த நுணுக்கத்துக்குள் ஆழமாக இறங்கவில்லை. அவர் அதற்குள் மூட்டுவாதம், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் என்று எல்லாவற்றையும் தன் ஒற்றைக் கோட்பாட்டில் அடக்கும் பெரிய வரைபடம் வரைந்துகொண்டிருந்தார்.

1956இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய வாழ்க்கையின் ஸ்ட்ரெஸ் பற்றிய நூல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சோவியத் டாங்கிகள் வந்தன. அந்தக் கலவரத் துப்பாக்கிச்சூட்டில் செல்யேயின் தாய் உயிரிழந்தார். மகன் கடலுக்கு அப்பால், நெருக்கீட்டைப் பற்றி உலகமே கேட்க விரும்பும் மனிதராக இருந்தார். ஊரில் தாயைப் பறிகொடுத்து, செய்தியைத் தொலைபேசியில் கேட்ட புலம்பெயர்ந்த நம்மவர்கள் எத்தனை பேர்.

அவரது கோட்பாட்டின் ஓட்டையைக் காட்டியவர் அமெரிக்கரான ஜோன் மேசன். எந்தத் தீங்கானாலும் உடம்பு ஒரே மாதிரித்தான் எதிர்வினை காட்டும் என்றார் செல்யே. மேசன் குரங்குகளைப் பட்டினி போட்டார். பக்கத்துக் கூண்டுக் குரங்குகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவற்றுக்கு ஓமோன் ஏறியது. அந்தக் காட்சியை மறைத்து, சத்தே இல்லாத, பழச்சுவை மட்டும் கொண்ட உருண்டைகளைத் தின்னக் கொடுத்தபோது, வயிற்றுக்கு ஒன்றும் கிடைக்காதபோதிலும், ஓமோன் ஏறவில்லை. ஆகவே எச்சரிக்கை மணியை அடிப்பது வெறும் பசி அல்ல. தனக்கு மட்டும் இல்லை என்று மூளை கண்டுகொள்வதும், என்ன நடக்கிறதென்று விளங்காத பதற்றமும்தான். செல்யேயின் எலிகளில் இந்தப் பகுதி கண்ணில் படாமலே போயிருந்தது. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு மேசனின் குரங்குகளைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

புகையிலைப் பணம்

இனிச் சொல்வது அவரது வாழ்க்கை வரலாறுகளில் நெடுங்காலம் இல்லாதது. 1950களின் முடிவிலிருந்தே புகையிலைத் தொழிலுக்கும் செல்யேக்கும் தொடர்பு இருந்தது. 1969இல் கனடிய நாடாளுமன்றக் குழுவொன்று சிகரெட் விளம்பரத்தைப் பற்றி விசாரித்தபோது, புகைப்பது சிலருக்கு நெருக்கீட்டைத் தணிக்கும் வழி, அதை விட்டுவிட்டு அதைவிடக் கெட்டதற்குப் போகலாம் என்ற பொருள்பட அவர் சாட்சியம் சொன்னார். அதே காலத்தில் புகையிலை நிறுவனங்களின் பணம் அவரது ஆய்வுக்கு ஆண்டுதோறும் வந்தது. அமெரிக்க வழக்குகளால் அந்த நிறுவனங்களின் உள்ளாவணங்கள் வெளியே வந்த பிறகுதான், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, இது உலகத்துக்குத் தெரிந்தது. மார்க் பெட்டிகுரூ, கெல்லி லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் அந்த ஆவணங்களை வரிசைப்படுத்தி எழுதினார்கள்.

இதை ஒரு விஞ்ஞானியின் சறுக்கல் என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, உன் மனநெருக்கீடு. அதைச் சமாளிக்க ஒரு சிகரெட் பற்றவை. இந்தக் கணக்கு யாருக்கு வசதியாக இருந்தது? மலையில் நிற்கும் பெண் களைப்புத் தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொள்கிறாள். வாய்ப்புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. களைப்பை உண்டாக்கும் ஏற்பாட்டை விட்டுவிட்டு, களைப்பைத் தாங்கும் திறனைப் பற்றி மட்டும் பேசுவது பழைய வித்தை. செல்யே அந்த வித்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

கடைசி ஆண்டுகளில் நல்ல ஸ்ட்ரெஸ், கெட்ட ஸ்ட்ரெஸ் என்று பிரித்துப் பேசினார். பிறருக்கு உதவியாக இருந்து அவர்களின் அன்பைச் சேமித்துக்கொள்வதே வாழும் வழி என்று எழுதினார். நொபெல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1950இல் அதிரீனல் ஓமோன்களுக்காகக் கெண்டல் உட்பட மூவருக்குக் கிடைத்தது. 1977இல் மூளை ஓமோன்களுக்காக அவர் மாணவர் கில்லெமினுக்கும் அன்ட்ரூ ஷாலிக்கும் கிடைத்தது. 1981இல், இலட்சக்கணக்கான செம்மறியாடுகளின் மூளையடித் துண்டுகளைச் சேகரித்து, கலிஃபோர்னியாவின் சோல்க் நிறுவகத்தில் வைலி வேல் குழுவினர் அந்த முதல் தூதைக் கடைசியில் பிரித்தெடுத்தார்கள். செல்யேக்கு அப்போது 74 வயது. அடுத்த ஆண்டு, 1982 ஒக்டோபர் 16ஆம் திகதி, மொன்றியலில் காலமானார்.

அவர் மறைந்து ஒன்பது மாதங்களில் கறுப்பு யூலை. அதன்பின் அந்த நகரத்துக்கும் நம்மவர்கள் அகதிகளாக வந்து இறங்கினார்கள். மொன்றியல் பல்கலைக்கழகம் இருக்கும் மலைச்சரிவின் கீழே, கோட்-டி-நேஜ் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. எலிகளைப் பனிக்காற்றில் விட்டுப் பார்த்தவரின் ஊரில், ஏற்கனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மனிதர்கள்.

நிறுத்தும் பாகம்

செல்யே விட்டுவைத்த கேள்வி அந்த மிதவையைப் பற்றியது. எச்சரிக்கை ஏன் சிலருக்கு அணைவதில்லை? 1968இல் நியூயோர்க்கில் புரூஸ் மக்யூவன், கோர்ட்டிசோலுக்கு ஒப்பான எலி ஓமோன் மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதியில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அது நினைவுகளை இடத்தோடும் காலத்தோடும் கட்டிவைக்கும் பகுதி. எச்சரிக்கையை அணைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. விலங்குகளில் நெருக்கீடு நீடித்தால் அங்குள்ள நரம்புக் கிளைகள் குறுகுகின்றன என்றும் பின்னர் தெரிந்தது. கெட்ட காலம் போய்விட்டது என்று உடம்புக்குச் சொல்ல வேண்டிய இடமே அடிவாங்குகிறது.

ரேச்சல் யெஹூடா யூத இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் அமெரிக்கப் போர்வீரர்களிடமும் கண்டது எதிர்பாராதது. நெடுங்கால மனவடு உள்ள பலருக்குக் கோர்ட்டிசோல் கூடுதலாக இல்லை, குறைவாக இருந்தது. மிதவை அளவுக்குமீறிக் கூர்மையாகி, சிறிது தண்ணீருக்கே அடைத்துக்கொள்கிறது; அதிரினலின் பக்கம் மட்டும் தளர்வதில்லை. எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு வரவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் ஒரு விடயம் நின்றுவிட்டது: இது கோழைத்தனமோ நடிப்போ அல்ல, இரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய மாற்றம்.

போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்திய வீட்டுவாரி ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. மனவடு நோயின் அறிகுறி 7 வீதம், பதற்றம் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். அந்த நேரத்திலும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது எண்ணிக்கைகள் ஏறின: 13 வீதம், 48.5 வீதம், 41.8 வீதம். ஒரே மாவட்டம், ஒரே யுத்தம். வேறுபாடு, திரும்பிப்போக ஒரு வீடு இருந்ததா என்பதில்.

மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு 2016இல் பூனாகலைப் பக்கம் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டன. தனி வீடு, கொங்கிரீட் சுவர், சொந்த வாசல். ஊவாவில் மண்சரிவு அபாயம் என்று அறிவித்தல் ஒட்டிய மற்ற லயங்கள் பலவற்றில் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மழை பலத்தால் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகச் சொல்வார்கள். வெயில் வந்ததும் அதே காம்பராவுக்குத் திரும்பச் சொல்வார்கள். பை கதவருகேயே இருக்கும்.